பிரசவ அறையில் ஒரு கதிரைக்கு இடம்

குருநகர்க் கடற்கரையை அடுத்த ஒரு வாடகை வீட்டு முற்றத்தில், மாதர் குழுவொன்றுடன் சேமிப்பைப் பற்றிப் பேசவே அன்று நாம் சென்றிருந்தோம். கூடியிருந்தவர்களிற் பெரும்பாலோர் 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளிக்கிட்ட கமக்காரக் குடும்பத்தவர்கள். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்கள், கடலோரத்து உப்பு மண்ணில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைத் தளிர்க்க வைக்கப் பாடுபடுகின்றவர்கள். சேமிப்புப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய் இடையிலே பேசினார். மகளின் பிரசவத்துக்காக ஒரு வைத்தியசாலைக்குப் போன கதையைத்தான் சொன்னார்.

"பின்னேரம் நாலு மணிக்கு உள்ளுக்கை கொண்டு போனவை பாதர். விடியப்புறம் மூண்டரைக்குத்தான் பிள்ளை பிறந்தது. அதுமட்டும் நான் கேற்றடியிலை வேப்பமரத்துக்குக் கீழை இருந்தனான். ஒருக்கா அவள் 'அம்மா' எண்டு கத்தினது எனக்குக் கேட்டது. போகவிடுங்கோ எண்டு கேட்டன். அந்தப் பிள்ளை, மிஸ்ஸி, நல்ல பிள்ளை, ஏசேல்லை. 'இடமில்லை அம்மா' எண்டு மட்டும் சொன்னது. மாடு கண்டு போடேக்கையும் நாங்கள் ஒராள் பக்கத்திலை நிக்கிறம். பெத்த பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்க ஏன் பாதர் இடமில்லை?"

'இடமில்லை' என்ற அந்தச் சொல்லை நாம் பல நாள் யோசித்தோம். எமது மொழியில் அச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நிற்கவோ இருக்கவோ நிலம் இல்லை என்பது ஒன்று. அனுமதி இல்லை என்பது மற்றொன்று. பொதுவாக எமது மக்கள் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டு, 'பெரிய இடத்து ஆட்கள், எங்களை விடமாட்டினம்' என்று திரும்பி வந்துவிடுகின்றனர். ஆனால் பல வைத்தியசாலைகளில் அந்தத் தாதி சொன்னது முதலாவது பொருளில்தான். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒருவர் பக்கவாட்டில் நுழையத்தக்க இடைவெளியே உள்ள அறையில், துணைக்கு வந்தவரை எங்கே நிறுத்துவது? இந்தப் பாடத்திலே நாம் பேச விரும்புவது அந்த நிலத்தைப் பற்றியே. பிரசவ அறையை எப்படி அமைத்தால் துணையாள் ஒருவருக்கு அதில் உண்மையான இடம் கிடைக்கும்?

குருவானவர் ஒருவர் இதை எழுதலாமா என்று சிலர் சிரிக்கக்கூடும். பிரசவ அறையின் உள்ளே நாம் நின்றதில்லை, வாசலில் நின்றிருக்கிறோம். எம்மை அங்கே அழைப்பது பெரும்பாலும் பிள்ளைக்கு ஆபத்து, அவசர ஞானஸ்நானம் வேண்டும் என்ற வேளைகளில். அவ்வாறு நின்ற வேளைகளிலே கதவுக்கு வெளியே இருந்தவர்களின் முகங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அளவு தகுதியோடுதான் எழுதுகிறோம். மற்றவை தாய்மாரிடமும் மருத்துவ மாதரிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவை.

வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய வைத்தியம் பழையது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அவர் தமிழுக்குக் கொண்டுவந்த வைத்திய நூல்களில் மகப்பேற்று வைத்தியமும் அடங்கும். இன்று நாம் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் தோன்றியது. 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. எனினும், நெடுங்காலமாக எமது கிராமத்துப் பெண்கள் தாய் வீட்டின் அறைவீட்டிலேயே பிள்ளை பெற்றனர். மருத்துவிச்சி காலடியில் இருப்பார். தாய் தலைமாட்டில் இருப்பார். பெரியம்மாவோ மாமியோ அடுப்படியில் வெந்நீர் வைப்பார். துணை என்பதை யாரும் கேட்டுப் பெறவேண்டியிருக்கவில்லை.

அக்காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அந்தத் தொகை ஏறத்தாழ 30 ஆகிவிட்டது. கிராமந்தோறும் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களும், இலவச வைத்தியமும், வைத்தியசாலைப் பிரசவமுமே இதற்குப் பெரிதும் காரணம். இன்று இந்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றனர். ஆகவே வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. உயிரைக் காத்த அந்த மாற்றத்தின்போது வழியில் விடுபட்டுப்போன ஒன்றை, தலைமாட்டில் இருந்த அந்த மனுசியை, மீண்டும் உள்ளே அழைக்கலாமா என்றுதான் கேட்கிறோம்.

இது புதிய ஆசையல்ல. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் இறைவனுக்குத் தாயுமானவர் என்று ஏன் பெயர் வந்தது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். காவிரியில் வெள்ளம் பெருகித் தாய் வந்துசேர முடியாதபோது, நோவோடு தனித்திருந்த மகளிடம் இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது அங்கு வழங்கும் கதை. எமது வேதாகமத்திலோ மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, கருவுற்றிருந்த எலிசபெத்தோடு மூன்று மாதமளவு தங்கியிருந்தார். இரு சமயத்தாரும் அறிந்த சங்கதி இது.

துணை இருந்தால் என்ன நடக்கிறது

ஆறுதலுக்காக ஒருவர் இருப்பது நல்லதுதான், ஆனால் அது வைத்தியமா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை தேடியவர்கள் மார்சல் கிளவுஸ், ஜோன் கெனல் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர்கள். மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில், நெருக்கடி நிறைந்த ஒரு பொது வைத்தியசாலையில், முதற்பிள்ளை பெற வந்த பெண்கள் சிலருக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நோ முடியும்வரை பக்கத்தில் இருக்கச் செய்தார்கள். அவர் வைத்தியமோ தாதித் தொழிலோ படித்தவரல்லர். கையைப் பிடித்தார், முதுகைத் தடவினார், பேசினார், அவ்வளவுதான். 1980இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சிக்கலின்றிப் பெற்றவர்களுள் தனித்திருந்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்டதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை சராசரியாக 19 மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. துணையிருந்தவர்களுக்கு 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அது சிறிய ஆய்வு. பின்னர் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் பெரிய அளவில் செய்து 1991இல் வெளியிட்டார்கள். துணையில்லாதவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது; துணையிருந்தவர்களில் 8 பேருக்கே.

எமக்கு இன்னும் நெருக்கமானது ஆபிரிக்காவின் பொட்சுவானா நாட்டு அனுபவம். அங்கே 1999இல் வெளியான ஆய்வில் துணையாக நின்றவர்கள் அந்தப் பெண்களின் சொந்த உறவுப் பெண்கள். பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். அவர்கள் நின்றபோது நூற்றுக்கு 91 பேர் இயல்பாகப் பெற்றனர். தனித்திருந்தவர்களில் 71 பேர். 17 நாடுகளில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் பார்த்தபோதும் அதே திசைதான்: சத்திரசிகிச்சை நாலில் ஒரு பங்கு குறைவு, நோவின் நேரம் சுமார் 40 நிமிடம் குறைவு, பிறந்தவுடன் சோர்ந்திருக்கும் பிள்ளைகள் குறைவு. குவாத்தமாலாவில் தெரிந்த அளவுக்கு எல்லா இடத்திலும் நேரம் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் தீமை எதுவும் காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பெண் தானே தெரிவுசெய்யும் துணை ஒருவர் நோவின்போதும் பிரசவத்தின்போதும் உடனிருக்க வேண்டும் என்று எழுதியது.

இதன் காரணத்தைக் கமக்காரருக்கு விளக்குவது எளிது. கன்று போடும் நேரத்தில் பசு என்ன செய்கிறது? ஒதுங்கி, இருட்டான மூலையைத் தேடுகிறது. நாய் குரைத்தாலோ அந்நியர் வந்தாலோ எழுந்துவிடுகிறது, நோவும் நின்றுவிடுகிறது. பழகிய கை தடவினால் மீண்டும் படுக்கிறது. மனித உடம்பும் அப்படியே. கருப்பையைச் சுருங்கச் செய்வது ஒக்சிற்றோசின் என்ற சுரப்பு. பயம் வந்தால் அதிரினலின் என்ற வேறொரு சுரப்பு எழுந்து அதனைத் தடுக்கிறது. இரத்தத்தையும் கருப்பையிலிருந்து கை கால்களுக்குத் திருப்புகிறது, ஓடித் தப்புவதற்காக. ஓட முடியாமற் கட்டிலிற் கிடக்கும் பெண்ணுக்கு அதனால் நோ நீள்கிறது.

எமது தாய்மாரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவில் நாமும் சிறுவனாக நடந்தோம். மழையில், அசையாத சனக்கூட்டத்தின் நடுவே, கர்ப்பிணிகளைச் சைக்கிளில் இருத்தி உருட்டிச் சென்றதைக் கண்டோம். அந்த இரவில் தாயின் வயிற்றில் இருந்தவர்களும் கையில் இருந்தவர்களும் இன்று தாய்மாராகிவிட்டார்கள்.

அனுமதி இருந்தும் நடக்காதது ஏன்?

தமிழ்நாட்டில் 2000களின் நடுப்பகுதியிலேயே அரச வைத்தியசாலைகளில் பிரசவத் துணைத் திட்டம் தொடங்கிவிட்டது. இந்திய மத்திய அரசு 2016இல் நாட்டின் எல்லா அரச வைத்தியசாலைகளுக்கும் அதனை அனுமதித்தது. இலங்கைச் சுகாதார அமைச்சும், தாய் தெரிவுசெய்யும் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் கொள்கையை வகுத்திருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே சீராக நடைமுறைக்கு வரவில்லை. காரணம் கேட்டால், முன்னணியில் வருவது இடநெருக்கடியும் மற்றத் தாய்மாரின் மறைவுமே.

பிரேசில் நாட்டிலிருந்து கற்கவேண்டியது உண்டு. அங்கே 2005இல் சட்டமே இயற்றினார்கள். சில ஆண்டுகளின் பின் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், தாய்மாரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினருக்குத் துணையே இருக்கவில்லை; தொடக்கம் முதல் முடிவுவரை துணையிருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவு. சட்டம் ஒன்றுதான், கட்டடங்கள் வேறு. அறையின் அமைப்பு நன்றாயிருந்த இடங்களிலேயே துணையாள் இடைவிடாது இருக்க முடிந்தது. ஆகவே கடிதம் எழுதி அனுமதி கேட்பது பாதி வேலை. மீதிப் பாதி அடியும் அங்குலமும்.

முற்றத்திற் கீறிய அறை

அடுத்த கூட்டத்தில், ஒரு நீளக் கயிறும் அடுப்புச் சாம்பலும் கொண்டு, அதே முற்றத்தில் ஒரு பிரசவ அறையைக் கீறினோம். 40 அடி நீளம், 20 அடி அகலம். கிராமத்து வைத்தியசாலை ஒன்றின் பழைய விடுதி ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். கட்டிலுக்குப் பதிலாகப் பாய்களை விரித்தோம். கட்டில் 3 அடி அகலம், ஆறரை அடி நீளம். இடையே மூன்றரை அடி விட்டால், ஒரு சுவரோரமாக ஆறு கட்டில்களை அடுக்கலாம். பழைய முறை இதுதான். பிறகு ஒரு இளம் பெண்ணைப் பாயிற் படுக்கச் சொல்லி, ஒருவர் மருத்துவ மாதாகவும் ஒருவர் துணையாகவும் நின்றனர். துணையாக நின்றவரின் முதுகு பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் முகத்தில் இடித்தது. சிரிப்பு எழுந்தது. ஆனால் காரியம் விளங்கிவிட்டது.

கோட்டை அழித்துத் திரும்பக் கீறினோம். மருத்துவ மாது வேலை செய்யும் பக்கம், தள்ளுவண்டியோடு, 4 அடி வேண்டும். துணையாள் கதிரையில் இருக்கவும் எழுந்து நின்று தாங்கவும் மறுபக்கம் 3 அடி. கட்டிலோடு 10 அடி ஆயிற்று. கால்மாட்டில் பிள்ளையை எடுப்பவர் நிற்க 4 அடி, தலைமாட்டில் ஒன்றரை அடி. நீளம் 12 அடி. 40 அடிச் சுவரில் ஆறு கட்டில்கள் நாலாகின. எதிரே 8 அடி நடைபாதை மிஞ்சியது.

"ரெண்டு கட்டிலை எங்கை விடுறது? சனம் கூடின நாளிலை என்ன செய்யிறது?" என்று முன்பு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை, நோ தொடங்கியவுடனே எல்லோரையும் பிரசவக் கட்டிலில் ஏற்றும் வழக்கத்தை மாற்றுவதில் இருக்கிறது. நோவின் முதற்பகுதி பல மணித்தியாலம். அந்த நேரத்தில் நடப்பதும் நிமிர்ந்து இருப்பதும் நல்லது. அப்படி இருந்தவர்களுக்கு முதற்பகுதி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பிரசவ அறையை ஒட்டி, கூரையுள்ள ஒரு விறாந்தையும் சிறு முற்றமும் இருந்தால், துணையாளோடு நடந்து, சாய்ந்து, இருந்து அந்த நேரத்தைக் கழிக்கலாம். விறாந்தைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கைபிடிக் குழாய் போதும். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, தன் தாய் காலத்தில் வளையிற் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கியே பெற்றதாகச் சொன்னார். அந்தக் கயிற்றின் வேலையைத்தான் இந்தக் குழாய் செய்கிறது.

பிறகு பெண்கள் தாமாகவே பேசத் தொடங்கினர். எமக்கு ஒருபோதும் தோன்றியிராத சங்கதிகள் அவை.

கதிரையைக் கால்மாட்டில் போடக்கூடாது, தலைமாட்டை ஒட்டிப் போடவேண்டும் என்றார் ஒருவர். அங்கே இருந்தால் துணையாளின் கண்ணுக்குத் தன் பிள்ளையின் முகம் மட்டுமே தெரியும். மற்றப் பெண்கள் தெரியமாட்டார்கள். மறைவு பற்றிய பிரச்சினையிற் பாதி அந்த ஒரு கதிரையைத் திருப்பிப் போடுவதாலேயே தீர்கிறது. மீதிப் பாதிக்குக் கட்டில்களின் நடுவே தடுப்பு வேண்டும். துணித்திரை மலிவு, ஆனால் அழுக்காகும், தோய்க்க ஆள் வேண்டும், காற்றுக்கு விலகும். எமது பெண்கள் கேட்டது ஐந்தடி உயரச் சுவர். கூரைவரை எழுப்பினால் காற்றோட்டம் நின்றுவிடும். சித்திரை வெக்கையில் அது தண்டனை. உயரச் சுவர் நாலு பெண்களைப் பார்க்கும் ஒரே மருத்துவ மாதின் காதையும் அடைத்துவிடும். ஐந்தடி என்றால் கட்டிலிற் கிடப்பவளை மறைக்கும், முனகல் கேட்கும். சுவருக்குத் தரைஓடு பதித்தால் கழுவிவிடலாம். முன்பக்கத்துக்கு மட்டும் திரை.

கட்டிலின் கால்மாடு கதவைப் பார்க்கக்கூடாது. இதைச் சொன்ன பெண் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவர் பெற்ற அறையில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நடைபாதையிற் போனவர்களின் முகம் தெரிந்ததாம். கட்டிலைத் திருப்பிப்போட ஒரு சதமும் செலவில்லை.

மலசலகூடம் அறையோடு ஒட்டியிருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். உள்ளே ஒருத்தி மயங்கி விழுந்தால் உட்புறம் திறக்கும் கதவு அவள் உடம்பிலேயே முட்டி நின்றுவிடும். உள்ளே கைபிடியும் வேண்டும். வெளிச்சத்தைப் பற்றியும் பேசினார்கள். ஒரு சுவிச்சைப் போட்டால் அறை முழுவதும் பளீரென்று எரியும் விளக்கு யாரையும் உறங்கவிடாது. கட்டிலுக்கு ஒரு மங்கல் விளக்கும், தையல் போடும்போது இழுத்துவரத்தக்க நிறுத்து விளக்கும் இருந்தால் தாதிக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது.

கதிரையே எப்படி இருக்கவேண்டும்? இதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. முதுகு சாயத்தக்கது, கழுவத்தக்கது, ஒரு கையால் தூக்கி ஒதுக்கத்தக்கது. கட்டிலின் உயரத்தோடு பொருந்தவேண்டும். மிகவும் தாழ்ந்திருந்தால் பிள்ளையின் கையை எட்டிப் பிடிக்கத் தோள் நோகும். சக்கரம் வேண்டாம். கடையில் விற்கும் சாதாரணப் பிளாஸ்ரிக் கதிரை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று முடிவாயிற்று.

கடைசியாக ஒன்று. அவசரம் வந்து, கட்டிலோடு தள்ளிச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது துணையாள் எங்கே போவது? கதவு கட்டில் தட்டாமற் போகும் அகலமாக இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துணைக்கு நின்ற தாய் அந்த நிமிடத்தில் வழியை மறித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கென்று நடைபாதையில் ஒரு வாங்கு, 'அவசரமென்றால் இங்கே இருங்கள், வந்து சொல்வோம்' என்று முதலிலேயே காட்டிவிட்டால் அவள் அங்கே போய் இருப்பாள்.

தாதிமாரின் பக்கம்

உத்தியோகத்தரின் தயக்கங்களை நாம் அலட்சியம் செய்தல் தகாது. ஒரு இரவில் ஒரே மருத்துவ மாது பல பெண்களைப் பார்க்கும்போது, ஒவ்வொருவருடனும் ஒருவர் வந்து கேள்வி கேட்டால் அவர் என்ன செய்வார்? கிருமி வரும், கூட்டம் வரும், பிறகு முறைப்பாடும் வரும் என்று அஞ்சுகின்றனர். 2020இல் கொரோனா வந்தபோது பல நாடுகளில் துணையாட்களை முதலில் வெளியே நிறுத்தினர்; அந்த நேரத்திலும் துணை இருக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் அதற்கு ஒழுங்கு வேண்டும். ஒருவர் மட்டும், அவரே முடியும்வரை. மாறி மாறி ஆட்கள் வருதல் கூடாது. இருமலும் காய்ச்சலும் உள்ளவர் வரக்கூடாது. வாசலில் கைகழுவத் தொட்டியும், மாற்றிக்கொள்ள மேலங்கியும் செருப்பும் இருக்கவேண்டும். தொட்டி வாசலில் இல்லாமல் அறையின் மூலையில் இருந்தால் யாரும் கழுவமாட்டார்கள். இதுவும் அமைப்பைப் பற்றிய சங்கதியே.

துணையாள் செய்யவேண்டியது கையைப் பிடித்தல், முதுகு தடவுதல், தண்ணீர் பருக்குதல், நடக்கும்போது தாங்குதல், இரத்தம் கூடப் போனாலோ தாய் மயங்கினாலோ உடனே கூப்பிடுதல். வயிற்றை அமுக்குதல், வீட்டிலிருந்து எண்ணெயோ கசாயமோ கொண்டுவந்து பருக்குதல் ஆபத்தானவை. துணையாளைக் கொண்டு நிலம் துடைக்கச் செய்வதும் சரியல்ல. துணை கூப்பிட்டதால் நேரத்தோடு காப்பாற்றப்பட்ட தாய்மாரைப் பற்றி மருத்துவ மாதரே எமக்குச் சொல்லியிருக்கின்றனர்.

கணவன் வரலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தனித்தனி அறைகள் உள்ள இடத்தில் வரலாம், வருவது நல்லது. பொது அறையில் மற்றப் பெண்களின் மறைவு கெடும் என்பதாலேயே எமது நாட்டில் பெண் துணை என்று வைத்திருக்கின்றனர். அறைகள் மாறினால் அதுவும் மாறலாம்.

இடம்பெயர்ந்தோருக்கு யார் துணை?

வயலும் வீடும் தாயும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. இன்று தாய் வன்னியில், மகள் குருநகரில், அக்கா கனடாவில். விடுவிக்கப்பட்ட காணிகளுக்குச் சிலர் திரும்பியதால் முகாமில் அயலவராய் முப்பது ஆண்டு வாழ்ந்தவர்களும் பிரிந்துவிட்டனர். திரும்ப முடியாதவர்கள் இன்னும் வாடகை வீட்டில். இந்நிலையில் துணை என்றால் தாய்தான் என்று நின்றால் பலர் தனியாகவே பெறுவர். பக்கத்து வீட்டு அக்கா, மாதர் சங்கத் தலைவி, ஆலயத்தில் ஒன்றாகப் பாடுபவள், யாராகவும் இருக்கலாம். தெரிவு பெறுபவளுடையது. மாமி வரவேண்டும் என்று குடும்பத்தார் தீர்மானித்து, அந்த மாமி தலைமாட்டில் நின்று 'கத்தாதை, நான் ஏழு பெத்தனான்' என்று ஏசினால், அவர் வெளியே வேப்பமரத்தடியில் இருப்பதே மேல். குழுவில் இதைச் சொன்னபோது மாமிமார் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

துணைக்குப் போகிறவருக்குச் செலவுண்டு. ஒரு நாள் கூலி போகும். கடைசி பஸ் போய்விட்டால் இரவு தங்கவேண்டும். வைத்தியசாலையில் அவருக்கு ஒரு மலசலகூடம், குடிநீர், பாய் விரிக்க ஒரு மூலை இல்லாவிட்டால், நோ நீளும்போது அவரே சோர்ந்துவிடுவார். எமது குழு தனது சேமிப்பிலிருந்து துணைப் பணம் என்று ஒரு சிறு தொகையை ஒதுக்க முடிவு செய்தது. பஸ் காசும் ஒரு நாட் சாப்பாடும் அதற்குள் அடங்கும். ஏழாம் எட்டாம் மாதத்தில் கிளினிக்குக்குப் போகும்போதே துணையாளையும் கூட்டிச்சென்று குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிமுகம் செய்யலாம் என்றும் பேசினோம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, அரச வைத்தியசாலைகளில் பொதுமக்கள் பங்குபற்றும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அங்கே பேசப்படுவது மதிலும் வர்ணப் பூச்சும் வாகனத் தரிப்பிடமும். அக்குழுவில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். திருத்த வேலை தொடங்குமுன், படம் கீறப்படும்போதே போகவேண்டும். சுவர் எழும்பிய பிறகு போனால் 'இனி இடமில்லை' என்ற பதில்தான் கிடைக்கும். இம்முறை அது உண்மையாகவும் இருக்கும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

உங்கள் பகுதி வைத்தியசாலையின் பிரசவ அறையை, அங்கே பெற்ற இருவர் மூவரின் நினைவிலிருந்து முற்றத்தில் கீறிப் பாருங்கள். கதவு எங்கே, யன்னல் எங்கே, கட்டிலின் கால்மாடு எதனைப் பார்க்கிறது? சுவர் எதையும் இடிக்காமல், கட்டிலையும் கதிரையையும் திருப்புவதால் மட்டும் எவ்வளவு மாற்றலாம்?

உங்கள் குழுவில் இப்போது கர்ப்பிணியாக இருப்பவர்கள் யார் யார்? ஒவ்வொருவரிடமும் தனியாக, குடும்பத்தார் பக்கத்தில் இல்லாத வேளையில், யார் துணைக்கு வரவேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் துணையாள் வரமுடியாத இரவில் போகக்கூடிய இரண்டாவது பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.